கொடிகாமம் சந்தியில் ஒரு கண்ணீர் அஞ்சலி

நான் முதலாளிமாருக்காக வாதாடுகிற சட்டத்தரணி. இதைச் சொன்னவுடன் யாழ்ப்பாணத்தில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருப்பார்கள். வந்து இருப்பவர்களிடம் ஒரு கடையாவது இருக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். புடவைக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், குளிர்களிக் கடைக்காரர், விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஆளை நிப்பாட்டிப்போட்டன், இனி என்ன செய்யலாம்? நிற்பாட்டுவதற்கு முதல் வந்து கேட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

எங்களூர் முதலாளிமாரோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. எதையும் எழுத்தில் கொடுக்கமாட்டார்கள். வேலைக்கு எடுக்கும்போது "நாளைக்கு வா பிள்ளை". நிற்பாட்டும்போது "நாளைக்கு வராதை பிள்ளை". இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமும் போயிருக்கும், ஆனால் ஒரு துண்டுக் கடதாசி இராது. சட்டம் இவர்களைத் தொழில்தருநர், தொழிலாளி என்று பிரித்து வைத்திருக்கிறது. இவர்களோ அண்ணை, தங்கச்சி என்று முறை கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். பொழுதுபட்ட பிறகும் நின்று வேலை செய்யச் சொல்லும்போது "எங்கடை பிள்ளை". தொழில் நியாயசபையிலிருந்து கடிதம் வந்த பிறகு "ஆர் உவள்?"

நான் பொறுமைசாலி இல்லை. ஓரிடத்தில் இருந்து ஒரு கோப்பை முழுக்க வாசிக்க என்னால் ஏலாது. நடந்து நடந்துதான் வாசிப்பேன். "உமக்குக் காலிலை சில்லு பூட்டிக் கிடக்கு" என்பார் என் கணவர். அந்த வருடம் அந்தச் சில்லு ஒரு நாளும் நிற்கவில்லை. காரணம் கொடிகாமத்துப் பேக்கரிக்காரர்.

அவர் என்னிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அறுபதை எட்டிப்பிடிக்கிற வயது, வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பெட்டி கேக். கேக்கை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பேக்கரியில் பத்து வருடத்துக்கு மேலாகக் காசாளராக இருந்த பெண் ஒருத்தி நியாயசபையில் முறைப்பாடு போட்டிருந்தாள். தன்னைக் காரணமில்லாமல் வேலையால் நிற்பாட்டிவிட்டார், வேலை திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவளுக்குக் கணவன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள், அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வரும்படி கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

"நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் ஏன் மேடம் நிப்பாட்டுறன்? அவளாத்தான் வராமல் விட்டவள். தாய்க்குச் சுகமில்லையெண்டு ஆஸ்பத்திரியிலை போய் நிண்டவள். பிறகு வரவே இல்லை. கடையை நான் பூட்டி வைச்சிருக்கிறதே? வேறை ஆளைப் போட்டிட்டன்."

"ஆரைப் போட்டனீங்கள்?"

"என்ரை பெறாமகளை." மனைவியின் தங்கை மகள். அதைச் சொல்லும்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

"வரச்சொல்லிக் கடிதம் ஏதும் போட்டனீங்களோ?"

"ஊருக்குள்ளை தெரிஞ்ச ஆளுக்கு ஆரும் கடிதம் எழுதுவினமே மேடம்?"

பேனையைத் தூக்கி மேசையில் போட்டேன். பிறகு எடுத்தேன். வேறு என்ன செய்வது, அவர் சொன்னதை வைத்துக்கொண்டு மறுமொழியைத் தயாரித்தேன். தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இந்தப் பெண் தானாக வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார், அந்த நாளோடு அவருக்கும் பேக்கரிக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது, அவரை ஒருவரும் நிற்பாட்டவில்லை. சட்டத்தில் இது நல்ல மறுமொழி. இப்படிச் சொன்னால் தன்னை நிற்பாட்டினார்கள் என்று நிரூபிக்கிற பாரம் அவள் தலையில் விழும். கடிதம் இல்லாத ஊரில் எதை வைத்து நிரூபிப்பாள்? கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல கேக்.

மறுமொழியைத் தாக்கல் செய்து கொஞ்ச நாளில் கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்குப் போய்விட்டுக் கண்டி வீதியால் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கொடிகாமம் சந்தையடியில் முருங்கைக்காய் வாங்கலாம் என்று காரை ஓரங்கட்டினேன். சந்தை கலைகிற நேரம். வாழைக்குலை ஏற்றின லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று பின்னுக்கு வந்து வழியை மறித்தது. அது விலகும்வரை என்ன செய்வது, நிமிர்ந்து பார்த்தேன்.

மின்கம்பத்தில் ஒரு பனர் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் பனர் எழும்பும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்றில்லை. சங்கக் கடை, விளையாட்டுக் கழகம், ஓட்டோ தரிப்பிடம், பழைய மாணவர், வெளிநாட்டில் இருக்கிற மருமகனின் நண்பர்கள் என்று ஆளாளுக்கு ஒன்று. எத்தனை பனர் எழும்பியது என்பதில்தான் செத்தவரின் பெறுமதி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எங்களுக்குத் துடக்கு, முப்பத்தோராம் நாள் அந்திரட்டி ஒன்றும் இல்லை. ஆனால் பனர் எங்களுக்கும் உண்டு. அதில் மட்டும் சைவம், வேதம் என்ற பேதம் கிடையாது.

இது பெரிய பனர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரைப்பூ, நடுவில் வயதான ஓர் அம்மாவின் படம். யாருடையதோ கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கவேண்டும், அம்மாவின் தோளோடு வேறொருத்தியின் பட்டுச் சேலைக் கரையும் சேர்ந்து வந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: எமது பேக்கரியின் காசாளரது அன்புத் தாயாரின் பிரிவால் துயருறும் குடும்பத்தாருடன் நாமும் துயர் பகிர்கின்றோம். முதலாளியும் ஊழியர்களும்.

இரண்டாம் தரமும் வாசித்தேன். பிறகு காரை விட்டிறங்கிக் கம்பத்தடிக்குப் போய் மூன்றாம் தரம் வாசித்தேன். எமது காசாளர். தாய் சாவதற்கு முதலே வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று நான் கையொப்பம் வைத்த மறுமொழி நியாயசபையில் கிடக்கிறது. தாய் செத்த பிறகு அவளை எமது காசாளர் என்று ஊருக்கே அறிவித்து, அதைச் சந்தியில் கட்டியும் வைத்திருக்கிறார் இந்த மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பூசணிக்காயைக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்து மறைக்கச் சொன்னவரை அன்றுதான் கண்டேன். முருங்கைக்காயை வாங்காமல் நேரே பேக்கரிக்குப் போனேன்.

பேக்கரியில் பாண் இறக்குகிற நேரம். காசு மேசையில் பெறாமகள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். காத்திருந்த ஒரு பெண் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். முதலாளியைப் பின்பக்கம் மா மூட்டை அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்களுக்கு விசரோ? சந்தியிலை உது என்ன?"

"எது மேடம்?"

"பனர்!"

அவருக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "அது செத்தவீட்டுக்குக் கட்டினது" என்றார்.

"அவள் வேலையை விட்டுப் போட்டாள் எண்டுதானே சொன்னீங்கள். பிறகேன் எமது காசாளர் எண்டு போட்டனீங்கள்?"

"அப்ப என்னெண்டு போடுறது? முன்னாள் காசாளரின்ரை தாய் எண்டே? சனம் காறித் துப்பாதே மேடம்? பத்து வருசம் எங்களோடை நிண்ட பிள்ளையின்ரை தாய் செத்துக் கிடக்கேக்கை பனர் கட்டாமல் விட்டால் நான் இந்த ஊரிலை பாண் விக்கேலுமே? வழக்கு வேறை, செத்தவீடு வேறை."

"சட்டத்துக்கு இரண்டும் ஒண்டுதான்."

"அப்ப சட்டத்திலைதான் ஏதோ பிழை கிடக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் போய் அவிட்டுப்போட்டு வாறன்" என்றார்.

"தொடக்கூடாது." நான் போட்ட சத்தத்தில் வெளியே பாண் அடுக்கிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "வழக்குக் கிடக்கேக்கை அதிலை கை வைச்சால் நான் இந்த வழக்கிலை நிக்கமாட்டன். விளங்குதோ? அது கிடந்தபடி கிடக்கட்டும். நீங்கள் அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுங்கோ. எடுத்தால் வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை."

"ஏலாது மேடம்."

"பெறாமகளுக்காகவோ?"

"அவள் வாற மாசம் வெளிநாடு போறாள்."

"அப்ப ஏன்?"

ஒரு மா மூட்டையில் இருந்த சின்னக் கிழிசலை விரலால் மூடிக்கொண்டு நின்றார். விரலை எடுத்தால் மா கொட்டும், அதனால் எடுக்கவில்லை. நான் கேட்டேன், கெஞ்சினேன், ஏசினேன். "ஏலாது" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. ஒரு சட்டத்தரணிக்குத் தன் கட்சிக்காரரின் குற்றம் குறையைத் தெரிந்து வைத்திருப்பது புதிதல்ல. எதிர்ப்பக்கத்துக்குப் போய் "இதோ பனர், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை மறைக்கவும் உரிமை இல்லை. இரண்டும் செய்யாமல் இருப்பதுதான் என் கடமை. அது எவ்வளவு இலேசான வேலை என்று நினைப்பீர்கள். அந்த மாதங்களில் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு கொடிகாமம் பக்கம் போவேன். கிளிநொச்சிக்குப் போகவேண்டிய வேலையை ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாளாக்குவேன். சந்தியில் காரை மெதுவாக்கிப் பார்ப்பேன். பனர் இருக்கும்.

சோளகக் காற்றுப் பிடித்து வீசத் தொடங்கியது. கம்பங்களில் இருந்த மற்றப் பனர்கள் எல்லாம் கிழிந்து தொங்கின, சில வேலி பாய்ந்து தோட்டத்துக்குள் போய் விழுந்தன. இதை மட்டும் நல்ல பிளாஸ்டிக் கயிற்றால் மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டியிருந்தார் மனிதர். காற்று வயிற்றைத் தள்ளும், பனர் புடைக்கும், பிறகு அடங்கும். அது கிழிந்து போகாதா என்று நான் ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதே நேரம், கிழியாமல் இருக்கிறதே என்று ஒரு சந்தோசமும் வந்தது. எந்தப் பக்கத்து ஆள் நீ என்று என்னையே ஏசிக்கொண்டு வீடு வருவேன். விறாந்தையில் அங்கும் இங்கும் நடப்பேன்.

என்னை அரித்தது பனர் இல்லை. பெறாமகள் போகப்போகிறாள், ஆள் தேவை, பழைய ஆளில் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகேன் ஏலாது? காரணம் இல்லாத பிடிவாதத்தை என்னால் தாங்க முடிவதில்லை. என் தொழிலே பிடிவாதங்களுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான்.

விசாரணை நாள் வந்தது. நியாயசபை என்றவுடன் பெரிய மண்டபம் என்று நினைக்கவேண்டாம். மேலே ஒரு மின்விசிறி, நீளமேசை, தலைவருக்கு ஒரு கதிரை, எங்களுக்குச் சில கதிரைகள். அவள் முதல்நாளே தோய்த்து மடித்த பருத்திச் சேலை உடுத்தி வந்திருந்தாள். அவளுக்காகப் பேச வந்தவர் ஒரு தொழிற்சங்கக்காரர், தபால்கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், எல்லோரும் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் ஒரு மஞ்சள் உறை இருந்தது. அதற்குள் பனரின் படம் இருக்கிறது என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அந்தக் கம்பத்தைக் கடந்துதான் அவரும் வரவேண்டும். என் காலுக்கு அடியில் சில்லு சுழலத் தொடங்கியது.

அவள் சாட்சி சொன்னாள். தாய் வாட்டில் கிடந்ததையும், தான் பக்கத்தில் நின்றதையும், இன்னும் சில நாள் லீவு கேட்க முதலாளிக்குப் போன் எடுத்ததையும், அவர் வரவேண்டாம் என்று சொன்னதையும் சொன்னாள். அடுத்த நாள் தாய் இறந்ததையும், முதலாளி செத்தவீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றதையும், அந்திரட்டி முடிந்து வேலைக்குப் போனபோது பெறாமகள் மேசையில் இருந்ததையும் ஒரே குரலில் சொல்லி முடித்தாள். அழவில்லை.

தோழர் உறையைத் திறக்கப் போனார். "ஐயா, இன்னொரு சான்று இருக்கு" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் சட்டென்று திரும்பி, "தோழர், அது வேண்டாமெண்டு சொன்னனான்தானே" என்றாள்.

"பிள்ளை, இதுதான் வழக்கே."

"அது அண்ணை அம்மாவுக்குக் கட்டினது. வழக்குக்குக் கட்டினதில்லை. அதை நான் இதுக்குள்ளை கொண்டுவரமாட்டன்."

தோழர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் இருவருக்கும் ஒரே தொழில் என்பது இருந்தது. உறை மூடப்பட்டது. தலைவர் ஒன்றும் விளங்காமல், சரி, குறுக்கு விசாரணை என்றார்.

நான் எழும்பினேன். வழக்குப் பாதி வென்றாகிவிட்டது. இனி அவளுடைய வாய்வார்த்தை ஒன்றுதான், அதை ஆட்டிப்பார்த்தால் போதும். முதலாளி வரவேண்டாம் என்று சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். இல்லை என்பாள், அதோடு இருந்துவிடலாம் என்பது என் எண்ணம். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்று இளம் சட்டத்தரணிகளுக்கு நான் கூட்டம் வைத்துச் சொல்லியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"போன் கட்டிலிலை கிடந்தது மிஸ்" என்றாள். "அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு இருந்தனான். ஒரு கையிலை கோப்பை, மற்றக் கையிலை கரண்டி. அதாலை ஸ்பீக்கரிலை சத்தமாப் போட்டு வைச்சுத்தான் கதைச்சனான். பக்கத்துக் கட்டிலிலை அண்டைக்கு ஆளில்லை."

என் பின்னால் கதிரை ஒன்று அசைந்தது. முதலாளி.

தலைவர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதலாளி என்ன சொன்னவர்? சொன்ன சொல்லை அப்படியே சொல்லும்."

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். அவள் வாயில் ஏதோ வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. எத்தனையோ சாட்சிகளின் வாயைப் பார்த்துப் பிழைப்பவள் நான்.

"வரவேண்டாம் எண்டவர்."

"வேறை?"

"வேறை ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

தலைவர் எழுதிக்கொண்டார். மத்தியான இடைவேளை என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது முதலாளியின் கதிரை வெறுமையாக இருந்தது.

வளவுக்குள் ஒரு வேப்பமரம் நிற்கிறது. சாட்சிக்கு வருகிறவர்கள் தங்கள் மோட்டார் சைக்கிளை அதன் கீழேதான் விடுவார்கள். அங்கே முதலாளி யாருடையதோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மா பூசினதுபோல வெளுத்திருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"அவள் சொல்லேல்லை மேடம்" என்றார். "ஏன் சொல்லேல்லை?"

"எதை?"

"நான் சொன்னதை." சைக்கிளின் சீற்றை விரலால் தேய்த்தார். "அண்டைக்குப் பாண் போடுற போறணை பழுது. மா புளிச்சுப் போச்சு. கடையிலை சனம் நிக்குது, கஷியருக்கு ஆளில்லை. அந்த நேரம் பாத்துப் போன் எடுக்கிறாள், இன்னும் லீவு வேணுமெண்டு. எனக்கு வந்த விசருக்கு, உன்ரை கொம்மா மாசாமாசம் சாகக் கிடக்கிறா, ஒருக்கால் சாகிறாவும் இல்லை, நீ இனி இஞ்சை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அப்பிடித்தான் மேடம் சொன்னனான். அதுக்கு அடுத்த நாள் பின்னேரம் மனுசி செத்துப்போச்சுது."

இத்தனை மாதமாக நான் தேடின காரணம் இதுதான். பெறாமகளும் இல்லை, காசும் இல்லை. அந்தப் பெண் தன் கடையில், தன் கண்ணுக்கு முன்னால், காலையும் மாலையும் மேசைக்குப் பின்னால் நிற்பதை இவரால் தாங்க முடியாது. அவ்வளவுதான். அதற்காகத்தான் ஊரிலேயே பெரிய பனர். அதற்காகத்தான் அத்தனை இறுக்கமான கயிறு.

"சத்தமாப் போட்டெண்டு எனக்குத் தெரியாது மேடம்" என்றார். "காதிலை வைச்சுக்கொண்டு கதைக்கிறாள் எண்டுதான் நினைச்சனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விசாரணை முடியும்வரை எதிர்ப்பக்கத்தோடு கதைக்கவேண்டாம் என்பதாக இருக்கலாம், வழக்கமாகச் சொல்லுகிற புத்திதான். அதற்குள் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். அவள் மதிலோரம் இருந்த சீமெந்துத் திண்ணையில் தோழரோடு இருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, இன்னும் திறக்கவில்லை. அவரைக் கண்டவுடன் பழக்கத்தில் எழும்பிவிட்டாள். நான் பின்னாலே ஓடிப்போய் நின்றேன். தடுக்கத்தான் போனேன். தடுக்கவில்லை.

"பிள்ளை" என்றார். தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு நான் சொன்னதை அம்மா கேட்டவவே?"

அவள் அவரைப் பார்த்தாள். கன நேரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மதிலுக்கு வெளியே பாண் ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போய் மறைகிறவரைக்கும் பார்த்தாள்.

"இல்லை அண்ணை" என்றாள். "அம்மா அப்ப நித்திரை."

கஞ்சி பருக்கிக்கொண்டு இருந்தேன் என்று சத்தியம் பண்ணிச் சொன்ன வாய், இதோ, ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. என் முன்னாலேயே ஒரு சாட்சி தன் சாட்சியை மாற்றிச் சொல்கிறாள். இதை வைத்து அவளைத் துண்டுதுண்டாக நான் கிழித்திருக்கலாம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். தோழருக்கும் விளங்கிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அன்று முழுவதும் என் கால்கள் அசையாமல் நின்றது அந்தச் சில நிமிடங்கள்தான்.

"ஓம்" என்றார் முதலாளி. "ஓம், ஓம்." இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு வாறியே?"

"மேசையிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. நீதான்."

"வாறன் அண்ணை" என்றாள். பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "போறணை திருத்தியாச்சோ?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு பக்கமும் இணங்கிவிட்டன என்று தலைவருக்குச் சொன்னேன். அதே வேலை, இடையில் முறிவு இல்லாத தொடர்ந்த சேவை, இவ்வளவு நாளும் நின்ற சம்பளம் உட்பட. இந்த முறையாவது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று ஒரு வரி விடாமல் எழுதுவித்தேன். முதலாளி வாசித்துப் பார்க்காமலே கையொப்பம் வைத்தார். வாசியுங்கோ என்று ஏசினேன், வாசிக்கவில்லை.

படலையடியில் என்னுடைய காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கதவைத் திறந்து ஏறிவிட்டேன். எனக்கு அங்கிருந்து போய்விடவேண்டும் போல இருந்தது. அவர் யன்னலில் கையை வைத்துக்கொண்டார்.

"மேடம், உங்களிட்டை ஒண்டு கேக்கலாமே?"

"கேளுங்கோ."

"கஞ்சி குடிச்சுக்கொண்டு இருக்கேக்கை ஆரும் நித்திரை கொள்ளுவினமே?"

என்னிடம் வருகிற முதலாளிமார் கேட்காத கேள்வி இல்லை, நான் சொல்லாத பதிலும் இல்லை. சாவியைத் திருகினேன். பிறகு நிற்பாட்டினேன். அவரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"வருத்தக்காரர் அப்பிடித்தான்" என்றேன். "வாய்க்குள்ளை கஞ்சி இருக்க இருக்கவே அயர்ந்து போவினம். என்ரை அம்மாவும் கடைசியிலை அப்பிடித்தான்."

என் அம்மா அப்படியில்லை. கடைசிவரை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. அவர் என்னை நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, யன்னலிலிருந்து கையை எடுத்தார்.